போட்டுப் பார்க்கக் கூடாத கவுன்

"செலெரினா அக்கா கவுனைப் போட்டுப் பாத்துட்டாங்கல்ல, அதனாலதான் அமாதோ மாமா திரும்பி வரலையா?"

இதைக் கேட்டபோது ரொவேனாவுக்கு ஏழு வயது. கேட்ட இடம், அமாதோவுக்காக ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த வீடு. அக்கரை நகரமான லுசேனாவிலிருந்து கிளம்பிய படகு நடுவழியில் புயலில் சிக்கிக் கவிழ்ந்துவிட்டது. கரை ஒதுங்கியவர்களில் அமாதோ இல்லை. அடுத்த வாரம் அவனுக்கும் செலெரினாவுக்கும் கல்யாணம் நடந்திருக்க வேண்டும். ஜெபமாலையின் ஒரு பத்து மணி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் எல்லோரும் மூச்சு வாங்கிக்கொள்ளும் சின்ன இடைவெளியில் குழந்தையின் குரல் கணீரென்று விழுந்தது.

"யாருடி சொன்னது உனக்கு?" என்று சித்தி அவள் தொடையில் கிள்ளினாள்.

"யாரும் சொல்லல. நானே ஜன்னல் வழியாப் பாத்தேன். வெள்ளைக் கவுன். முதுகைக் காட்டிக்கிட்டு நின்னாங்க."

சித்தி அவள் வாயைப் பொத்தினாள். ஜெபம் தொடர்ந்தது. செலெரினா முன்வரிசையில் தலை குனிந்தபடியே இருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் மணப்பெண் கல்யாண உடையைப் போட்டுப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கல்யாணம் நடக்காது. எங்கள் மரின்டுகே தீவில் இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பதில் எல்லோர் மனதிலும் தயாராக இருந்தது.

அதற்குப் பிறகு செலெரினாவை யாரும் ஏசவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. கல்யாணம் என்று வந்தால் மணப்பெண்ணுக்குத் தலைவார அவளைக் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான். பின்கட்டில் வேலை கொடுப்பார்கள். அவளும் வந்து செய்துவிட்டுப் போவாள். வருஷங்கள் ஆக ஆக அது ஒரு பழக்கமாகிவிட்டது. பழக்கமான பிறகு, அது ஒரு தண்டனை என்பதே எல்லோருக்கும் மறந்துபோனது.

ரொவேனாவுக்கு மட்டும் மறக்கவில்லை.

அவள் வளர்ந்து, ஊர்ப் பாலர் பள்ளியில் டீச்சரானாள். லுசேனா படகில் எஞ்சின் வேலை பார்க்கும் ஜோவித்துக்கும் அவளுக்கும் கல்யாணம் என்று முடிவானது. நகரத்தில் கல்யாணம் நடத்திக் கொடுக்கும் ஒரு கடையிலிருந்து ஜோவித் வழவழப்பான புத்தகம் ஒன்றை வாங்கி வந்தான். மேடை, பூ, கேக், கேமரா, விருந்து எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். மணமக்கள் வந்து நின்றால் போதுமாம்.

ரொவேனா அதை முழுக்கப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா நம்ம கல்யாணத்துல நமக்குத் தெரியாத கை கட்டுன பூ ஒண்ணுகூட வேண்டாம் ஜோவித். நாமளே செஞ்சுக்கலாம். நம்ம ஊரு ஜனங்க இருக்காங்க."

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும், ஜோவித்தின் வீட்டு முன்னால் இருந்த ஈரப்பலா மரத்தடியில் எல்லோரும் கூடினார்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. ஜோவித்தின் அம்மா பசிலிசா, அறுபது வயதுக்கும் சற்று மேல், மெலிந்த உருவம், குரல் மட்டும் படகுச் சங்கு. அவள்தான் நடுவில் உட்கார்ந்து வேலைகளைப் பிரித்துக் கொடுத்தாள். மூங்கில் வளைவு யார், பள்ளிக்கூட நாற்காலிகளைத் தூக்கி வருவது யார், அழைப்பு எழுத விசிறிப்பனை ஓலையை வெட்டிக் காயவைப்பது யார் என்று ஒவ்வொன்றாக முடிந்தது.

"கேக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"கேக்கு வேண்டாம். அத்தை கிண்டற தேங்காய்ப்பால் பிகோவே போதும்" என்றாள் ரொவேனா.

"கேக்கு இல்லாத கல்யாணமா? அப்பறம் போட்டோவுல ரெண்டு பேரும் எதை வெட்டுவீங்க, என் தலையையா?"

"பிகோவையே மூணு அடுக்கா அடுக்கி வெட்டுறோம் அத்தை."

"ஒட்டரிசிடி அது. கத்தியில ஒட்டிக்கும்."

"ஒட்டினா உங்க பையன் நக்கிக்குவாரு."

சிரிப்பு அடங்குவதற்குள் தொமெங் எழுந்து நின்றான். ஊரில் கரோக்கே பெட்டி வைத்திருப்பவன் அவன் ஒருவன்தான்.

"பெட்டியை நான் தரேன். கூட நானும் பாடுறேன்."

"பெட்டியை மட்டும் அனுப்பு, போதும்" என்றாள் பசிலிசா. "மழை வராம இருக்க நானே மடத்துக்குப் போயி சாந்தா கிளாராவுக்கு முட்டை வச்சுட்டு வரேன். நீ பாடினா அந்த அம்மா மனசு மாறிடுவா."

கூட்டத்தின் ஓரத்தில், மரநிழலுக்கு வெளியே வெயிலில் நின்றிருந்த செலெரினா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நான் தென்னங்குருத்துல ரோஜா முடைஞ்சு தரேன். வளைவுக்கும் வேணும், மேசைக்கும் வேணுமில்ல."

"நல்லது. முடைஞ்சு வாசல்ல வச்சிட்டுப் போ. நாங்க எடுத்துக்கறோம்" என்றாள் பசிலிசா. கடுமையாகச் சொல்லவில்லை. உப்பைத் தள்ளி வை என்பது போலத்தான் சொன்னாள். செலெரினாவும் தலையாட்டினாள்.

எல்லோரும் போன பிறகு காப்பிக் குவளைகளைக் கழுவும்போது ரொவேனா மெதுவாகச் சொன்னாள்.

"அத்தை, முக்காடு குத்தறதுக்கு செலெரினா அக்காவைக் கேக்கலாம்னு இருக்கேன்."

பூசையின் நடுவில் மணமக்கள் இருவரையும் ஒரே வெள்ளைத் துணியால் இணைத்து ஊசி குத்துவார்கள். மணமகன் தோளில் ஓர் ஆணும் மணமகள் தலையில் ஒரு பெண்ணும் குத்த வேண்டும். அந்தப் பெண் யார் என்பது சின்ன விஷயமில்லை.

பசிலிசா குவளையைக் கீழே வைத்தாள்.

"வேற யாரை வேணா கேளு. அவ கவுன் பக்கத்துலகூட வரக் கூடாது."

"ஏன் அத்தை?"

"ஏன்னு உனக்குத் தெரியாதா? ஊருக்கே சொன்னவ நீதானே."

ரொவேனாவின் முகம் சிவந்தது. "அப்ப எனக்கு ஏழு வயசு."

"ஏழு வயசுக் கண்ணு பொய் சொல்லுமா?" என்ற பசிலிசாவின் குரல் சட்டென்று இறங்கியது. "இங்க பாரு. எனக்கு அவ மேல கோபம் ஒண்ணும் கெடையாது, பாவம். ஆனா என் பையன் கடல்ல போறவன். ஒரே பையன். அவன் படகு கரைக்கு வர்ற வரைக்கும் நான் சோத்துல கை வைக்கறதில்ல, தெரியுமா? உனக்கு இதெல்லாம் சும்மா பேச்சு. எனக்கு அப்படி இல்ல."

வாசலில் நின்றிருந்த ஜோவித், "அம்மா, அதை அப்பறமாப் பேசிக்கலாமே" என்றான்.

"நீ சும்மா இருடா. எஞ்சினைப் பாரு, போ."

ரொவேனா கடைசிக் குவளையைத் துடைத்து வைத்தாள். "என் வாய்தான் அவங்களைப் பின்கட்டுக்கு அனுப்புச்சு அத்தை. நான்தான் கூட்டிட்டு வரணும். உங்க பேச்சை மீறி அவங்களைக் கேக்க மாட்டேன். ஆனா வேற யாரையும் கேக்க மாட்டேன். அந்த இடம் காலியாவே இருக்கட்டும்."

"முக்காடு குத்த ஆளில்லாம கல்யாணமா?"

"ஃபாதர்கிட்ட சொல்லிக்கறேன்."

இரண்டு பேருமே பிடிவாதக்காரிகள். ஆனால் அந்தப் பேச்சுக்குப் பிறகு வீட்டில் ஒருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. வேலைகள் நடந்தன. முக்காட்டுக்கு யார் என்று மட்டும் யாரும் யாரையும் கேட்கவில்லை.

கவுனை ரொவேனாவே தைத்தாள். பாலர் பள்ளித் தையல் மிஷினில், சாயங்காலங்களில். வெள்ளைப் பருத்தி உடலும், வண்ணத்துப்பூச்சி இறக்கைபோல் தோளில் விறைத்து நிற்கும் அபாக்கா வாழைநார்க் கையுமாக. தைத்து முடித்தவுடன்தான் சிக்கல் வந்தது. தைத்தவளே அதைப் போட்டுப் பார்க்க முடியாது. அளவு சரியா என்று பார்க்க வேறு உடம்பு வேண்டும். இந்த மாதிரி சமயத்தில் தோழியோ தங்கையோ போட்டுக்கொண்டு நிற்பது வழக்கம். ரொவேனாவுக்குத் தங்கை இல்லை. தோழிகள் எல்லாம் இரண்டு மூன்று பிள்ளை பெற்று நன்றாகச் சதை போட்டிருந்தார்கள். ஊரில் அவள் அளவுக்கு மெலிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி செலெரினா. இன்னொருத்தி பசிலிசா.

"குடு, நானே போட்டுக்கறேன்" என்றாள் பசிலிசா.

சனிக்கிழமை மத்தியானம். பாலர் பள்ளி அறையில், குழந்தைகள் உட்காரும் குட்டைப் பலகையின் மேல் பசிலிசா கல்யாணக் கவுனில் நின்றாள். முதுகை ஜன்னல் பக்கம் காட்டிக்கொண்டு நின்றவளைச் சுற்றி ரொவேனா முட்டியிட்டு நகர்ந்து ஊசி குத்தினாள்.

"ஏண்டி, கையை இறக்கவே முடியலையே. கொக்கு மாதிரி நிக்கறேன்."

"ஆடாதீங்க அத்தை. குத்திடும்."

"என் கல்யாணத்துலகூட இப்படிப் போட்டதில்ல. எங்க அம்மா பாவாடையை வெட்டித் தைச்சது. உன் மாமனாரு பார்த்துட்டு, எந்த ஜன்னல்லேர்ந்து கழட்டுன திரைன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உங்க வீட்டு ஜன்னல்தான்னு சொன்னேன்."

முதுகுப்பக்கம் மேலிருந்து கீழ்வரை ஊசி குத்தி முடிகிற நேரத்தில் வெளியே கூச்சல் கேட்டது.

"டீச்சர்! கேப்டன் ஓடிட்டான்! கடல் பக்கமா ஓடறான்!"

கேப்டன் என்பது கல்யாண விருந்துக்காக ஜோவித் வளர்த்த பன்றி. அவன் படகுக் கேப்டன் சாப்பிடுவதைப் பார்த்துத்தான் அதற்கு அந்தப் பேரை வைத்திருந்தான். அது இல்லாவிட்டால் விருந்தே இல்லை.

"அத்தை, இதோ வந்துடறேன், அசையாதீங்க!" என்று சொல்லிவிட்டு ரொவேனா ஓடினாள். தெருவே ஓடியது. சத்தம் கடற்கரைப் பக்கமாக நகர்ந்து தேய்ந்தது.

பசிலிசா அசையாமல் நின்றாள். கை பின்னால் எட்டவில்லை. எட்டினாலும் ஊசி. இறங்கி உட்கார்ந்தால் தையல் பிரியும். வெளியே போய் ஆளைக் கூப்பிடலாம் என்றால், மாப்பிள்ளையின் அம்மா மணப்பெண் கவுனில் தெருவில் நின்ற கதை அவள் செத்த பிறகும் இந்த ஊரில் பேசப்படும். தகரக் கூரை வெயிலில் காய்ந்தது. ஜோவித் காலையில் கிளம்பிப்போனதிலிருந்து அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சுவரில் ஒட்டியிருந்த எழுத்துப் படங்கள் மெதுவாகச் சுற்றத் தொடங்கின.

வாசலில் ஓலை சரசரத்தது.

"யாரது?"

"நான்தான்க்கா, செலெரினா. ரோஜா கொண்டாந்தேன். வாசல்ல வச்சிட்டுப் போறேன்."

காலடிச் சத்தம் திரும்பிப் போகத் தொடங்கியது. பலகை ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"செலெரினா."

"என்னக்கா?"

"எனக்குத் தலை சுத்துது."

வாசல்வரை ஓடிவந்த காலடி அங்கேயே நின்றுவிட்டது. "உள்ள கவுன் இருக்காக்கா?"

"என் உடம்பு மேலதான் இருக்கு."

"நான் தொட்டா நீங்க பின்னாடி வருத்தப்படுவீங்க. யாரையாவது கூட்டிட்டு வரேன்."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே பசிலிசாவின் மனநிம்மதிக்காகத்தான் சொன்னாள். அது பசிலிசாவுக்கும் புரிந்தது. புரிந்ததும் அவளால் தாங்க முடியவில்லை.

"யாரும் வேண்டாம். நீ வா."

செலெரினா உள்ளே வந்து, முதலில் மூலையில் இருந்த பாத்திரத் தண்ணீரில் கையைக் கழுவித் துடைத்தாள். பிறகு ஜன்னலைச் சாத்தினாள்.

"காத்து வரட்டுமே, ஏன் சாத்தற?"

"பின்னாடியிருந்து பாத்தா ரொவேனா மாதிரியே இருக்கீங்கக்கா. பொண்ணு கவுனைப் போட்டுக்கிட்டான்னு யாராவது நெனச்சுடுவாங்க."

"நெனச்சா நெனச்சுட்டுப் போறாங்க."

"அப்படி இல்லக்கா. நெனச்சா அது போகாது."

ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு கவுனை மெல்லக் கழற்றினாள். பசிலிசாவை உட்காரவைத்து, தண்ணீரில் சர்க்கரை கரைத்துக் கொடுத்தாள். கவுனை ஆணியில் மாட்டி, ஊசிகளைத் திரும்ப அதே இடங்களில் குத்தினாள். பசிலிசா பாதி தண்ணீரைக் குடித்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அன்னைக்கு அந்தப் பொண்ணு பாத்தது..."

"என் தங்கச்சிய. எனக்காக அவதான் போட்டுக்கிட்டு நின்னா. நான் கீழே உக்காந்து மடிப்பு தைச்சுட்டிருந்தேன். ஜன்னல்லேர்ந்து நான் தெரிஞ்சிருக்க மாட்டேன்."

"இதை ஏண்டி நீ யார்கிட்டயும் சொல்லல?"

"தங்கச்சிக்கு அப்ப ரெண்டு மாசம், முழுகாம இருந்தா. சொல்லியிருந்தா பேச்சு அவ மேல திரும்பியிருக்கும். அவ ராசியில்லாத உடம்புன்னு. புகுந்த வீடு வேற அப்படி." கடைசி ஊசியைக் குத்தினாள். "அப்பறம் அவ ஹாங்காங் போனா. அதுக்கப்பறம் சொல்றதுக்கு என்ன இருக்கு? அமாதோ போனது போனதுதானே."

பசிலிசா மீதித் தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

"ஒண்ணு மட்டும்க்கா. ரொவேனாகிட்ட சொல்லிடாதீங்க. தப்பாப் பாத்துட்டோம்னு தெரிஞ்சா கல்யாணத்தன்னைக்கு அழுதுக்கிட்டே நிப்பா. நான் உள்ள வரலைன்னே வச்சுக்குங்க." வாசலில் வைத்த ரோஜாக் கட்டை ஓர் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு அவள் போனாள்.

ரொவேனா வந்தபோது இடுப்புவரை சேறு. "பிடிச்சுட்டோம் அத்தை! தொமெங்தான் மேல விழுந்து பிடிச்சாரு. யாரு யாரைப் பிடிச்சாங்கன்னுதான் சரியாத் தெரியல. அய்யோ, நீங்க எப்படிக் கழட்டினீங்க?"

"கழட்டினேன்" என்றாள் பசிலிசா.

சாயங்காலம் காற்று கிளம்பியது. படகு வரும் நேரம் தாண்டிவிட்டது. பசிலிசா ஜெபமாலையை எடுத்துக்கொண்டு துறையில் போய் உட்கார்ந்தாள். கடல் வெள்ளை வெள்ளையாகப் புரண்டது. செலெரினாவின் கை கவுனில் பட்ட அதே நாளில் படகு தாமதம். அவள் மனம் அந்த இரண்டையும் முடிச்சுப் போட்டது. அவிழ்த்தால் மறுபடி போட்டது. கையிலிருந்த மணிகள் நகரவே இல்லை. பல வருஷங்களுக்கு முன்னால் ஜெப வீட்டில் அந்தக் குழந்தை கேட்டபோது, பதில் தெரிந்ததுபோல் தலையாட்டியவர்களில் தானும் ஒருத்தி என்பது அவளுக்கு நினைவு வந்தது.

ரொவேனா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முக்காடு செலெரினா குத்தட்டும்" என்றாள் பசிலிசா.

ரொவேனா திரும்பினாள். "இப்பவா சொல்றீங்க? படகே இன்னும் வரலையே அத்தை."

"அதனாலதான் இப்ப சொல்றேன். வந்து சேந்ததுக்கு அப்பறம் சொன்னா, கடவுள்கிட்ட பேரம் பேசின மாதிரி ஆயிடும்."

ஏன் மனம் மாறினாள் என்று ரொவேனா கேட்டாள். பசிலிசா, மண்டையில வெயில் பட்டுச்சு என்றாள். பயம் போய்விட்டதா என்றால், போகவில்லை. பயம் போன பிறகுதான் நல்லது செய்வது என்று உட்கார்ந்திருந்தால் நம்மில் பலருக்கு ஆயுசு போதாது.

இருட்டுகிற நேரத்தில் படகின் விளக்கு தெரிந்தது. ஜோவித் எண்ணெய்க் கையோடு இறங்கினான்.

"ரெண்டு பேரும் ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க? எஞ்சின் பெல்ட் அறுந்துடுச்சு, அவ்வளவுதான்."

"கேப்டன் கடலுக்கு ஓடிட்டான்" என்றாள் ரொவேனா.

"எங்க கேப்டனா? இப்பதானே இறங்கி வீட்டுக்குப் போனாரு?"

"உன் கேப்டன்டா. நாலு கால் கேப்டன்" என்று பசிலிசா சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

மறுநாள் ரொவேனா செலெரினாவின் வீட்டுக்குப் போனாள். செலெரினா தரையில் உட்கார்ந்து குருத்தோலையைக் கிழித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கை நின்றது.

"நான் எதுக்கும்மா முன்னாடி? பின்னாடி எவ்வளவு வேலை கெடக்கும். யாராவது சின்னப் பொண்ணாப் பாரு."

"சின்னப் பொண்ணா இருந்தப்ப நான் பேசினதுதான் அக்கா இத்தனைக்கும் காரணம். பாத்ததை நான் அங்க சொல்லியிருக்கக் கூடாது."

"பாத்ததைத்தானே சொன்ன" என்றாள் செலெரினா. ஓர் ஓலையை எடுத்து மடித்தாள். "பிள்ளைங்க கேக்கறதுல ஒரு தப்பும் இல்ல. பெரியவங்க நாங்கதான் பதில் சொல்லத் தெரியாம உக்காந்திருந்தோம்."

"வருவீங்களா?"

"பசிலிசா அக்கா ஒத்துக்கிட்டாங்களா?"

"அவங்கதான் சொன்னாங்க."

செலெரினா ரோஜாவை முடைந்து முடித்து, காம்பை இறுக்கிக் கட்டி, கட்டோடு சேர்த்து வைத்தாள். அது முடியும்வரை ரொவேனா காத்திருந்தாள்.

"முன்னாடி வந்து நிக்கற மாதிரி எங்கிட்ட செருப்பு இல்லையே" என்றாள் செலெரினா கடைசியில். அவள் சம்மதம் அப்படித்தான் வந்தது.

கல்யாணத்தன்று விடியலில் தூறல் போட்டது. "முட்டை ஒண்ணு ரெண்டு குறைஞ்சிருக்கும்" என்று தொமெங் சொல்லி, பசிலிசாவிடம் திட்டு வாங்கினான். பூசைக்கு மணி அடிப்பதற்குள் வானம் வெளுத்துவிட்டது. மூங்கில் வளைவில் தென்னங்குருத்து ரோஜாக்கள் ஈரத்தோடு நின்றன. கவுன் ரொவேனாவுக்குப் பொருந்தியது. சுமை தூக்கித் தூக்கி பசிலிசாவின் இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். அவள் தோளுக்கு வைத்த அளவு என்பதால், இடது பக்க இறக்கை மட்டும் ரொவேனாவுக்குச் சற்றுத் தூக்கிக்கொண்டு நின்றது. யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை.

முக்காடு குத்தும் நேரம் வந்தது. செலெரினா இரவல் செருப்பில், பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வந்தாள். பின் வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது.

"அவளா?"

"இவங்களுக்குத் தெரியாதா என்ன?"

முதல் வரிசையில் இருந்த பசிலிசா மெதுவாகத் திரும்பினாள். "ஜெபம் நடக்குது" என்றாள். படகுச் சங்குக் குரல் தேவையாக இருக்கவில்லை. முணுமுணுப்பு நின்றது.

செலெரினா வெள்ளைத் துணியின் ஓரத்தை ரொவேனாவின் தலையில் வைத்து, கூந்தலோடு சேர்த்து ஊசியைக் குத்தினாள். தலையில் படாமல் இருக்க, ஊசிக்கும் தலைக்கும் நடுவே தன் விரலைக் கொடுத்திருந்தாள். மறுமுனை ஜோவித்தின் தோளுக்குப் போனது. பங்குத்தந்தை ஆசீர்வதித்தார்.

விருந்து மரத்தடிப் பந்தலில். வாழையிலை விரித்த நீள மேசைகள், பொன்னிறமாகச் சுட்ட கேப்டன், நூடுல்ஸ், புளிக்குழம்பு, மூன்று அடுக்குப் பிகோ. கத்தியில் அது ஒட்டத்தான் செய்தது. ஜோவித் நக்கவும் செய்தான். தொமெங் பெட்டியைக் கொண்டுவந்ததோடு நிற்காமல் பாடவும் பாடினான். செலெரினா, மணமக்களுக்குச் சாட்சி நின்ற ஞானப்பெற்றோரின் மேசையில் உட்கார்ந்திருந்தாள். யாராவது தட்டை எடுக்க வந்தால் எழுந்திருக்கப் பார்ப்பாள். பக்கத்தில் இருந்தவர்கள் தோளைப் பிடித்து உட்காரவைப்பார்கள். பொழுது சாயும்போது ஜோவித் அவளை ஆட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். எனக்கு ஆடத் தெரியாது என்று அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. இரண்டாவது பாட்டில் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு ஆடினாள்.

பசிலிசா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வெற்றுத் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, எங்கேயோ வைக்கப் போகிறவள்போலப் பந்தலைச் சுற்றிப் பின்பக்கம் போனாள்.

ஊரில் எந்த விருந்து முடிந்தாலும் பெரிய சட்டிகள் கிணற்றடியில் அடுக்கியபடி கிடக்கும். எல்லோரும் போன பிறகு செலெரினாதான் அவற்றைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு வீடு திரும்புவாள். அது அவள் வேலை என்று யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. அன்றும் சட்டிகள் அடிப்பிடித்து, வெளியெல்லாம் கரியோடு கிடந்தன.

பசிலிசா நல்ல உடையின் கைகளை முழங்கைக்கு மேல் சுருட்டினாள். அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டு, தேங்காய் நாரை நனைத்து, முதல் சட்டிக்குள் குனிந்தாள். முட்டி வலித்தது. ஒரு கல்லை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பந்தலில் தொமெங் அடுத்த பாட்டைத் தொடங்கியிருந்தான். அவள் தேய்த்தாள், தண்ணீர் இறைத்து அலசினாள், அடியில் கரி போகவில்லை என்று மறுபடி தேய்த்தாள். உள்ளே சிரிப்பொலி எழும்போதெல்லாம் கை நிற்கும். யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் மறுபடி தொடங்கும்.

கடைசிச் சட்டியை வேலியோரம் கவிழ்த்து வைத்தபோது நன்றாக மங்கிவிட்டிருந்தது. சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். நகக்கண்ணில் மட்டும் கரி கொஞ்சம் தங்கியிருந்தது. சட்டைக் கைகளை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டு, வந்த வழியே திரும்பாமல், ஈரப்பலா மரத்தின் மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு பந்தலுக்குள் போனாள்.